ஏரி வாரியமும் ஏரித் திட்டமும்

2019-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12-ஆம் நாள், ஜோலார்பேட்டையிலிருந்து புறப்பட்ட சரக்கு ரயில் ஒன்று சென்னையை அடுத்த வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. அதை வரவேற்க அமைச்சர்களே வந்திருந்தனர். அந்த ரயில் சுமந்து வந்தது நிலக்கரியோ உரமோ அன்று, தண்ணீர். வாகன் ஒன்றுக்கு 50,000 லிட்டர் வீதம் 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீர் 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்திருந்தது. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களும் அந்தக் கோடையில் ஏறக்குறைய வறண்டு கிடந்தன.

அந்த ரயில் வந்த வழியைக் கவனிக்க வேண்டும். ஆவடி, அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர் ஆகிய நிலையங்களைக் கடந்துதான் அது வில்லிவாக்கத்தை அடைந்தது. இவை ஏரிகள் சூழ்ந்த ஊர்கள். பருத்திப்பட்டு ஏரி, விளிஞ்சியம்பாக்கம் ஏரி, அயப்பாக்கம் ஏரி, அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி என்று இந்த ரயில் பாதையின் இரு புறமும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் எத்தனையோ ஏரிகள் உண்டு. அவற்றின் நடுவேதான் தண்ணீர் ரயில் சென்றது.

இதே ஊர்களில் 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் புகுந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைகளில் இயந்திரங்கள் நீரில் மூழ்கின. எட்டாண்டுக்குள் இரண்டு பெருவெள்ளம், இடையில் ஒரு பெரும் வறட்சி. இவற்றைத் தனித்தனியான மூன்று துன்பங்களாகவே பலரும் எண்ணுகின்றனர். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த நீரின் அளவு ஒரு லட்சம் கன மீட்டர். அதாவது 10 கோடி லிட்டர். தண்ணீர் ரயில்களாகக் கணக்கிட்டால் 40 ரயில்கள். வடகிழக்குப் பருவ மழைக் காலத்தில் 10 சென்டிமீட்டர் மழை இந்தப் பகுதிக்குப் புதியதன்று. ஒரே நாளில் பெய்துவிடக் கூடியது.

அந்த 40 ரயில் நீரை வாங்கி வைக்கவும், மிஞ்சியதைத் தீங்கின்றி வெளியேற்றவும் ஏற்பட்டதுதான் ஏரி. அண்மைக் காலமாக நகரமைப்பு வல்லுநர்கள் ‘மீள்திறன்’ என்ற சொல்லைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். இடர் வரும்போது தாங்கி நிற்பதும், தாங்க முடியாதபோது விரைவில் எழுந்து நடப்பதும் ஆகிய ஆற்றல் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். இந்த ஆற்றல் கல்லிலும் மண்ணிலும் மட்டும் இருப்பதன்று. அந்தந்த ஊரில் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களிடமும் இருக்க வேண்டும் என்கின்றனர். தொண்டை மண்டலத்துக்கு இது புதிய செய்தியன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கு அத்தகைய ஏற்பாடு ஒன்று இருந்தது. அது எப்படி அமைந்திருந்தது, எப்படி அழிந்தது என்பதே இக்கட்டுரை கூற வந்த வரலாறு.

முல்லைக்கொடியும் ஏரிக்கரையும்

திருமுல்லைவாயில் பழைய ஊர். சுந்தரர் பாடிய தலம். சீர்காழிக்கு அருகில் இதே பெயரில் வேறு ஓர் ஊர் இருப்பதால் இதனை வடதிருமுல்லைவாயில் என்பர். தொண்டைமான் ஒருவன் படையுடன் வந்தபோது அவன் யானையின் கால்களை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டதாகவும், கொடியை வாளால் வெட்டியபோது அதனடியில் இருந்த இலிங்கத்தின்மேல் வாள் பட்டதாகவும் தலபுராணம் கூறும். மாசிலாமணீசுவரர் கோயில் எழுந்த கதை இது. கதை எப்படியிருந்தாலும் அதில் ஒரு நில நூல் செய்தி ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. முல்லை என்பது காடும் காடு சார்ந்த மேய்ச்சல் நிலமும். இங்கு வற்றாத ஆறு இல்லை. கூவமும் மழைக்கால ஆறே. அப்படிப்பட்ட நிலத்தில் நெல் விளைய வேண்டுமானால் மழையைத் தேக்கித்தான் ஆக வேண்டும்.

பழைய தொண்டை மண்டலம் கோட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இப்பகுதி புழற்கோட்டத்தைச் சேர்ந்தது. புழல் ஏரியைத்தான் இன்று செங்குன்றம் ஏரி என்கிறோம். பிற்காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரிகளின் மாவட்டம் என்று அழைத்தது வீண் புகழ்ச்சியன்று. தமிழகத்தின் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகளில் ஏராளமானவை பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியவை.

ஏரி வேலை செய்யும் முறை எளிது. மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி நிலம் மெல்லச் சரிகிறது. சரிவின் குறுக்கே பிறை வடிவில் மண் கரை எழுப்புவார்கள். மேட்டிலிருந்து மழை நீரைக் கொண்டுவருவது வரத்துக்கால். கரையில் பதித்த மதகைத் திறந்தால் நீர் கீழேயுள்ள ஆயக்கட்டு வயல்களுக்குப் பாயும். ஏரி நிரம்பிய பிறகு மிகும் நீர் வழிவதற்குக் கரையின் ஓரிடத்தில் கல்லால் கட்டிய தாழ்வான வாய் உண்டு, அதுதான் கலங்கல். கலங்கல் வழியே வெளியேறும் நீர் வீணாவதில்லை. கால்வாயில் ஓடி அடுத்த ஏரிக்குப் போகும். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், அது நிரம்பினால் ரெட்டேரிக்கும் நீர் செல்வது இவ்வகைச் சங்கிலிக்கு ஓர் எடுத்துக்காட்டு.

இவற்றுள் கலங்கலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஊரின் வாழ்வும் சாவும் அதில்தான் இருந்தன. பல பழைய கலங்கல்களின் மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருப்பதைக் காணலாம். மழை வலுக்கும் காலத்தில் கற்களின் இடைவெளிகள் திறந்திருக்கும். வெள்ளம் தடையின்றி வழியும். பருவமழை ஓயும் தறுவாயில் அந்த இடைவெளிகளைப் பலகை, வைக்கோல், மண் கொண்டு அடைப்பார்கள். நீர் மட்டம் இன்னும் ஓர் அடியோ இரண்டடியோ உயரும். பரந்த ஏரியில் ஓரடி உயரம் என்பது சிறிய அளவன்று. கடைசிப் பாய்ச்சலுக்கு அந்த நீர்தான் உதவும். ஆனால் எப்போது அடைப்பது? முன்கூட்டியே அடைத்தபின் ஒரு பெருமழை வந்தால் கரை உடையும். காலம் கடந்து அடைத்தால் அடைக்க நீர் இராது. ஐப்பசி, கார்த்திகை மழையின் போக்கையும், மேலேயுள்ள ஏரி எந்த நிலையில் இருக்கிறது என்பதையும், கரையின் எந்தப் பகுதி நொய்ந்திருக்கிறது என்பதையும் ஒருங்கே அறிந்த ஒருவரே இதைத் தீர்மானிக்க முடியும். அந்த ஆள் ஊரிலேயே இருக்க வேண்டும். இரவில் எழுந்து ஓட வேண்டும். நீர்ப்பாய்ச்சி, நீர்க்கட்டி, கம்புகட்டி என்று ஊருக்கு ஊர் அவருக்குப் பெயர் வேறு.

ஆறு பேர், 360 நாள்

இத்தகைய வேலைக்குப் பின்னால் ஓர் அமைப்பும் வேண்டுமல்லவா? காஞ்சிபுரத்துக்குத் தெற்கேயுள்ள உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. குடவோலை முறையைக் கூறும் கல்வெட்டுகள் என்று பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்திருப்போம். ஆனால் குடத்திலிருந்து ஓலையை எடுத்தது எதற்காக என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஊரின் 30 குடும்புகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மூன்று வாரியங்களாகப் பிரிந்து பணி செய்தனர். 12 பேர் சம்வத்சர வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். எஞ்சிய 6 பேர் ஏரி வாரியம். பதவிக் காலம் 360 நாள். வயது 35-க்குக் குறையாமலும் 70-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கக்கூடாது. கடைசியாகச் சொன்ன விதியை இன்று படிக்கும்போது புன்னகை வருவது இயல்பே.

வாரியத்துக்கு வேலை மட்டும் இருக்கவில்லை, பொருளும் இருந்தது. ஏரிப் பராமரிப்புக்கென்று ஒதுக்கிய நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். ஏரிக்காகப் பெற்ற வரி ஏரியாயம். ஆண்டுதோறும் ஏரியில் தூர் வாரி வண்டலைக் கரையில் கொட்டவும், அதற்கு ஓடங்கள் வைத்திருக்கவும் பொன்னும் நெல்லும் முதலாக வைத்த அறக்கட்டளைகளைப் பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஆக, அறிந்த ஆள், முடிவு செய்யும் அதிகாரம், செலவுக்குப் பணம் ஆகிய மூன்றும் ஊருக்குள்ளேயே இருந்தன. முடிவு தவறினால் முதலில் நனைவதும் அந்த ஊரே.

இதைப் பொற்காலம் என்று பாடுவது எனக்கு உடன்பாடில்லை. உத்தரமேரூர் வாரியத்தில் இடம்பெற வரி செலுத்தும் சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும்; வேதம் கற்றிருக்க வேண்டும். அது பிராமணர் ஊர்ச் சபை. வேளாளர் ஊர்களிலும் முடிவு செய்தவர்கள் நிலமுடையோரே. கரையில் மண் சுமந்தவர்களும், மதகின் அடியில் மூழ்கி அடைப்பெடுத்தவர்களும் பெரும்பாலும் சேரி மக்கள். அவர்களுக்குக் குடத்தில் ஓலை இல்லை. ‘குடிமராமத்து’ என்று நாம் இன்று பெருமையுடன் சொல்லும் சொல்லில், விரும்பிச் செய்த உழைப்பும் வேறு வழியின்றிச் செய்த உழைப்பும் கலந்தே இருக்கின்றன. அந்த ஏற்பாட்டின் நுட்பத்தை மதிக்கலாம். அதன் அநீதியை மறைக்க வேண்டியதில்லை.

ஜாகீரும் சர்க்காரும்

சோழர், விஜயநகரத்தார், நவாபுகள் என்று ஆட்சிகள் மாறியபோதும் ஊர் ஏற்பாடு ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. 1763-இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி சென்னையைச் சூழ்ந்த நிலப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். பின்னாளைய செங்கற்பட்டு மாவட்டம் பெரும்பாலும் அதுவே. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பவர் அந்த ஜாகீரை அளந்து, ஏறத்தாழ 2,000 ஊர்களின் நிலம், வீடு, ஏரி, விளைச்சல் ஆகியவற்றைப் பதிவு செய்தார். அந்தப் பதிவுகளிலிருந்து ஒரு முறை தெளிவாகிறது. நெல் களத்தில் குவிந்ததும், அரசுக்கும் உழவருக்கும் பங்கு பிரிக்கும் முன்பே, கோயில், தச்சர், கொல்லர், காவற்காரர் என்று பலருக்கும் உரிய பங்கை எடுத்து வைத்துவிடுவார்கள். ஏரிக்கும் அவ்வாறே பங்கு உண்டு. ஏரியின் பங்கு கருவூலத்துக்குப் போய்த் திரும்பி வர வேண்டியதில்லை. களத்திலேயே அளந்து வைக்கப்பட்டது.

1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பால் ஜாகீர் சீரழிந்தது. பல ஊர்கள் வெறிச்சோடின. 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிடுவதில் மிகவும் கருத்துச் செலுத்தினார்; 1799-இல் அவர் எழுதிய அறிக்கை ஊர் ஏற்பாடுகளை அறிய இன்றும் பயன்படுகிறது. ஆனால் கம்பெனியின் எண்ணம் வரியில் இருந்தது. பங்குகளைக் குறைத்து அரசுப் பங்கை உயர்த்துவதும், பின்னர் ரயத்துவாரி முறையில் ஊரை விட்டுத் தனித்தனி விவசாயியிடம் தீர்வை பெறுவதும் நிலைபெற்றபோது, ஏரியின் பங்கு அளக்கப்பட்ட களம் இல்லாமற் போயிற்று. ஏரி சர்க்காரின் புறம்போக்காகப் பதிவேட்டில் ஏறியது.

பணத்தை எடுத்துக்கொண்ட சர்க்கார் உழைப்பை மட்டும் பழைய வழக்கப்படி எதிர்பார்த்தது. ஊரார் வரவில்லை. 1858-இல் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. கரை உடையும் ஆபத்தில் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கவும், வழக்கமான மராமத்துக்கு வராதவரிடம் பணம் வசூலிக்கவும் அது அதிகாரம் தந்தது. பங்கு கொடுத்தால் தானே வரும் ஆட்களைச் சட்டம் போட்டு இழுக்க நேர்ந்ததிலிருந்தே நிலைமை விளங்கும். 1883-இல் ஏரிகளைப் புதுப்பிக்கும் திட்டம் ஒன்று தொடங்கிற்று. பொறியியலார் ஏரி ஏரியாகச் சென்று அளந்து, கரையின் உயரமும் கலங்கலின் நீளமும் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். அது நல்ல பணியே. ஆனால் அளவுகள் அலுவலகக் கோப்பில் சேர்ந்தன. ஊரில் அவற்றை அறிந்தவர் குறைந்துகொண்டே வந்தனர்.

இதே காலத்தில் ஏரிகளுக்கு ஒரு புதிய எசமானும் தோன்றினான்: சென்னை நகரம். 1872 முதல் செங்குன்றம் ஏரியின் நீர் கால்வாய் வழியே கீழ்ப்பாக்கத்துக்கு வரத் தொடங்கியது. 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் முடிந்தது. 1996-இல் கிருஷ்ணா நீர் பூண்டியை எட்டியது. நகரம் தூரத்து நீரை நம்பக் கற்றுக்கொண்டது. நம்பிய அளவுக்குப் பக்கத்து ஏரி தேவையற்றதாகத் தோன்றிற்று.

மனையான ஏரி

நகருக்குள் இது முதலில் நடந்தது. மாம்பலத்துக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் இடையே நீண்டு கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்து 1920-களில் தியாகராய நகரை அமைத்தார்கள். எஞ்சிய நுங்கம்பாக்கம் ஏரிப் பகுதியில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. ‘லேக் வியூ ரோடு’ என்ற பெயர்ப் பலகை மேற்கு மாம்பலத்தில் இன்றும் உண்டு. எந்த ஏரியைப் பார்க்கும் சாலை என்று கேட்டால் குழந்தைகள் விழிப்பார்கள்.

பிறகு மேற்கு. 1955-இல் காங்கிரஸ் மாநாடு கூடிய ஆவடியில் 1960-களின் தொடக்கத்தில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. வேலை தேடி வந்தவர்களுக்கு வீடு வேண்டும். வீட்டுக்கு மனை வேண்டும். ஆயக்கட்டு வயல்கள் முதலில் மனைகளாயின. அதன்பின் ஏரியின் நீர்ப்பரப்பிலேயே குடியிருப்புகள் வந்தன. முகப்பேரில் வீட்டு வசதி வாரியம் அமைத்த குடியிருப்புக்கு ‘ஏரித் திட்டம்’ என்றே பெயர். பத்தாம் நூற்றாண்டில் ஏரி வாரியம் என்றால் ஏரியைக் காக்கும் ஆறு பேர்; இருபதாம் நூற்றாண்டில் ஏரித் திட்டம் என்றால் ஏரியில் கட்டிய வீடுகள். தமிழில் ஒரு சொல்லின் பொருள் இவ்வளவு தூரம் நடந்து போனதற்கு வேறு சான்று எனக்குத் தெரியவில்லை. அங்கே வீடு வாங்கிய எளிய மக்களைக் குறை சொல்வதற்கில்லை. அரசே விற்ற மனை அது.

வயல் மனையானதும் என்ன நேர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வயல் மழை நீரில் ஒரு பகுதியை உறிஞ்சும். வரப்பு ஒரு பகுதியைத் தடுத்து வைக்கும். கூரையும் தார்ச்சாலையும் பெரும்பகுதியை அப்படியே கீழே தள்ளிவிடும். ஆகவே முன்னைவிட அதிக நீர், முன்னைவிட விரைவாக, முன்னைவிடக் குறுகிய கால்வாயில் வருகிறது. போதாதற்குச் சாக்கடை நீரும் அதே கால்வாயைத் தேடிக்கொள்கிறது. இது பொறியியல் பகுதி, பலரும் சொல்வது.

அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதி உண்டு. ஆயக்கட்டு போனதும் ஏரிக்குச் சொந்தக்காரர் போய்விட்டார். நீர் தேவைப்பட்ட விவசாயிதான் வரத்துக்காலைச் சுத்தம் செய்தார். கலங்கலை அடைக்கச் சொன்னார். அவர் நிலத்தை விற்றுவிட்டுப் போனபின், ஏரி நிரம்ப வேண்டும் என்று விரும்புகிறவர் யாரும் இல்லை. நிரம்பக்கூடாது என்று விரும்புகிறவர் உண்டு. நீர்ப்பரப்பின் ஓரத்தில் வீடு கட்டியவருக்கு நிரம்பிய ஏரி என்றால் முற்றத்தில் தண்ணீர். அவர் கலங்கலைத் தாழ்த்தச் சொல்வார், இடிக்கவும் செய்வார். தாழ்த்திய ஏரியில் அடுத்த கோடைக்கு நீர் இராது. நிலத்தடி நீரும் இறங்கும். தாழ்த்திய கலங்கல் வழியே ஒரே வேகத்தில் வெளியேறிய நீர் கீழேயுள்ள ஊரை மூழ்கடிக்கும். ஆக, வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் காரணம் ஒரே இடத்தில் இருக்கிறது.

அதிகாரமும் சிதறிவிட்டது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுப்பணித் துறையின் பொறுப்பு. 2021 முதல் அது நீர்வளத் துறை எனத் தனியே பிரிந்தது. சிறிய ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. நிலப் பதிவு வருவாய்த் துறையிடம். ஏரியில் வந்து விழும் சாக்கடை உள்ளாட்சியிடம். 2000-ஆம் ஆண்டில் தமிழக அரசு பாசன மேலாண்மையில் விவசாயிகளுக்குப் பங்களிக்கும் சட்டம் ஒன்றை இயற்றிற்று. ஆயக்கட்டில் நிலம் உடையோர் சங்கமாகச் சேர்ந்து நீரை நிர்வகிக்கலாம். நல்ல சட்டந்தான். ஆனால் ஆயக்கட்டே இல்லாத நகர ஏரிக்கு அதன்படி உறுப்பினர் எவரும் இல்லை. 2017 மார்ச்சில் மணிமங்கலத்தில் தொடங்கிய புதிய குடிமராமத்துத் திட்டமும் பாசன விவசாயிகளை வைத்தே அமைந்தது. செலவில் 10 விழுக்காட்டைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ அவர்கள் ஏற்க வேண்டும் என்பது விதி. முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். நகர ஏரிக்கரையில் குடியிருப்போர் பட்டியலில் இல்லை.

2015 டிசம்பர் முதல் நாள் இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டதை வாசகர்கள் அறிவர். அந்தப் பேரிடர் மனிதரால் நேர்ந்தது என்று தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018-இல் கூறியது. நான் இங்கு சுட்ட விரும்புவது வேறு. எவ்வளவு தேக்குவது, எப்போது விடுவது என்ற கேள்வி, கலங்கல் இடைவெளியை எப்போது அடைப்பது என்று நீர்ப்பாய்ச்சி கேட்டுக்கொண்ட அதே கேள்விதான். கேள்வி பெரிதாகிவிட்டது. விடை சொல்பவருக்கும் வெள்ளம் பாயும் தெருவுக்கும் இடையேயுள்ள தூரமும் பெரிதாகிவிட்டது.

டச்சுக்காரர் செய்தது

விவசாயம் போனால் ஊர் நீர்ச் சபையும் போகத்தான் வேண்டுமா? போக வேண்டியதில்லை என்பதற்கு நெதர்லாந்து சான்று. அந்த நாட்டின் ஏறத்தாழ கால் பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே உள்ளது. 13-ஆம் நூற்றாண்டில் விவசாயிகள் அணைகளையும் வடிகால்களையும் காக்கச் சபைகள் அமைத்துக்கொண்டனர். லைடன் நகரைச் சூழ்ந்த ரைன்லாந்துச் சபைக்கு 1255-இல் பிரபு ஒருவர் உரிமைப் பட்டயம் அளித்தார். உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கு முந்நூறு ஆண்டுகள் பிந்தியது அது. ஆனால் ரைன்லாந்துச் சபை இன்றும் இயங்குகிறது. வயல்கள் நகரங்களானபோது டச்சுக்காரர்கள் சபையைக் கலைக்கவில்லை. நகரத்தாரையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். நாட்டில் இப்போது 21 நீர்ச் சபைகள் உள்ளன. நான்காண்டுக்கு ஒருமுறை பொது மக்கள் வாக்களித்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கின்றனர். சபைகள் தாமே வரி விதித்துத் தாமே செலவிடுகின்றன. மாடி வீட்டில் வாழும் எழுத்தர்கூட நீர்ச் சபைக்கென்று தனியே வரி கட்டுகிறார். நம் ஏரியாயந்தான் அது.

நம்மிடமும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2003-இல் மழை நீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய சட்டம் வந்தபோது, வீட்டுக்கு வீடு குழாய் பதித்தார்கள். பல தெருக்களில் கிணற்று நீர் உயர்ந்தது. பராமரிக்காத வீடுகளில் அந்தக் குழாய்கள் மண்ணடைத்துக் கிடக்கின்றன. கொரட்டூரில் குடியிருப்போர் இயக்கமாகத் திரண்டு, ஏரியில் கழிவு நீர் கலப்பதைப் பசுமைத் தீர்ப்பாயம் வரை கொண்டு சென்றனர். ஆயக்கட்டு நிலம் இல்லாதவர்களும் ஏரிக்காக எழுந்து நின்றார்கள் என்பதால் அதை முக்கியமான செய்தியாகக் கருதுகிறேன். பருத்திப்பட்டு ஏரி 2019-இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. கரையில் காலையும் மாலையும் மக்கள் நடக்கின்றனர். நடப்பவர்களில் கலங்கல் எங்கே என்று காட்டக் கூடியவர் எத்தனை பேர் என்று ஒரு நாள் கேட்டுப் பார்க்கலாம்.

ராக்பெல்லர் நிறுவனத்தின் ‘100 மீள்திறன் நகரங்கள்’ திட்டத்தில் சென்னை 2014-இல் சேர்க்கப்பட்டு, அதற்கான செயல்திட்டம் 2019-இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் அந்த உலகத் திட்டமே முடித்துக்கொள்ளப்பட்டது. அயல் பணத்தில் எழும் திட்டம் அயல் முடிவால் நிற்கும். அதே 2019-இல்தான் திருமுல்லைவாயிலை உள்ளடக்கிய ஆவடி நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் அதன் மக்கள் தொகை சுமார் 3.45 லட்சம், வயலை நம்பி வாழ்பவர் அதில் மிகச் சிலரே.

நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்று 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1993-இலேயே நடைமுறைக்கு வந்தது. தமிழக நகரங்களில் வார்டுக்குள் பகுதி சபைகள் முதன்முதலாகக் கூடியது 2022 நவம்பர் முதல் நாளன்று. அந்தச் சபைகளில் தெருவிளக்கு, குப்பை, குடிநீர்க் குழாய் பற்றிப் பேசுகிறார்கள். ஏரி வேறு துறையின் சொத்து என்பதால் அதன் மதகுச் சாவி சபையிடம் இல்லை. ஏரியின் பெயரில் வசூலாகும் தனி வரியும் இல்லை. ஆனால் உத்தரமேரூர் ஏரி வாரியத்தில் இடமில்லாதவர்களின் சந்ததியார் இந்தச் சபையில் உட்காரலாம், பேசலாம், கணக்குக் கேட்கலாம். தண்ணீர் ரயில் கடந்து சென்ற ஊர்களில் ஏதேனும் ஒன்றின் பகுதி சபை, தன் எல்லையில் உள்ள ஏரியின் வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது, கலங்கல் எத்தனை அடி நீளம், 1883-க்குப் பின் பொறியியலார் குறித்து வைத்த அளவுக்கும் இப்போதைய அளவுக்கும் என்ன வேறுபாடு என்று ஒரு புரட்டாசி மாதத்தில் நேரில் சென்று அளந்து எழுதி வைக்கலாம். அதற்கு அளவு நாடாவும், ஏரியைப் பழைய நிலையில் கண்ட முதியவர் ஒருவரும், பள்ளி மாணவர் நால்வரும் இருந்தால் போதும்.